ஊட்டி இறக்கமும் உங்கள் வண்டியின் பிரேக் ஆயிலும்

மலைக்குப் போகிறோம் என்றதும் நாம் வண்டியில் கவனிப்பதெல்லாம் ஏறுவதற்கான சங்கதிகளைத்தான். பிக்கப் இருக்கிறதா, ஏசி போட்டால் இழுக்குமா, ஹீட் ஆகுமா, எவ்வளவு குடிக்கும். ஏறும்போது வண்டிக்கு ஏதாவது ஆனால் அதிகபட்சம் நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கலாம். இறங்கும்போது ஏதாவது ஆனால் நிற்காது. பிரச்சினையே அதுதான்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 320 மீட்டர் சொச்சம். குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர் சாலையில் 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறோம். ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டியுமாக வண்டியின் மொத்த எடை 1,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் கரைக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 28 மெகாஜூல். அதே வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுசாக நிறுத்த 0.37 மெகாஜூல் போதும். கணக்குப் போட்டால் ஒரு ஊட்டி இறக்கம் என்பது 80-லிருந்து எழுபத்தைந்து தடவை வண்டியை நிறுத்துவதற்குச் சமம், அதுவும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள். காற்றும் டயரின் உராய்வும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் சுமக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் சுமக்க வேண்டும். மூன்றாவது ஆள் கிடையாது.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறையின் 40, கொல்லிமலையின் 70, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 என எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கல்லட்டி இவற்றில் தனி ரகம். சரிவு அதிகம், நடுவில் பிரேக் ஆற சமதளம் குறைவு. அதனால்தான் முதல் இரண்டு கியரைத் தாண்டக் கூடாது என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்குவதற்குக் காவல்துறையின் கட்டுப்பாடும் உண்டு. அங்கே நடந்த விபத்துகளில் சமவெளியில் நன்றாக ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். சமவெளியில் ஒரு தடவை பிரேக் போட்டால் அடுத்த தடவைக்குள் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) ஆறிவிடும். மலையில் ஆறாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது உயிர் போகிற வித்தியாசம்.

இனி பிரேக் ஆயில். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்று வந்ததிலிருந்து, அதை எடுக்காமல் யாரும் கிளம்புவதில்லை. வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒருவர் பதில் சொன்னால் பெரிது. இன்ஜின் ஆயில் மாற்றிய தேதி ஸ்டிக்கராகக் கண்ணெதிரே இருக்கிறது. பிரேக் ஆயிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார் இல்லை.

அது கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பது அதன் குணம். பானெட்டுக்குள் அது நிற்கும் டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் மூடியின் சிறு துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ்களின் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். புது டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரியிலும், டாட் 4 குறைந்தது 230 டிகிரியிலும்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவரையறை. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் இந்தக் குறைந்தபட்சம் டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 என்று இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிஸ்க் முந்நூறு டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூடு, டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட் வழியாக, பேட்டைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து திரவத்துக்கும் ஏறும். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். நீங்கள் பெடலை மிதிக்கும் விசை முழுக்கக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகி, பெடல் தரை வரைக்கும் போய்விடும். பேட் புதிது, டிஸ்க் புதிது, ஆனாலும் பிரேக் இல்லை.

ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, வண்டி ஓடியிருந்தாலும் ஷெட்டிலேயே நின்றிருந்தாலும், முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும். டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றுவது மாற்றியதாகக் கணக்கில் வராது. கொதிப்பது டப்பாவில் அல்ல, காலிப்பருக்குள். நான்கு சக்கரத்திலும் பிளீட் நிப்பிளை, அதாவது திரவத்தை வெளியே விடும் சிறு திறப்பை, திறந்து, பழைய கறுப்புத் திரவம் போய்ப் புதியது தெளிவாக வரும்வரை எடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். சின்னக் காருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பிடிக்கும். ஊற்றுவது உங்கள் கண்ணெதிரே சீல் உடைத்த புது டப்பாவிலிருந்து இருக்கட்டும். ஒர்க்‌ஷாப் மூலையில் பாதி தீர்ந்து மூடி சாய்ந்து கிடக்கும் டப்பா ஏற்கெனவே ஈரம் குடித்தது. டாட் 3 போடச் சொன்ன வண்டியில் டாட் 4 போடலாம். டாட் 5 என்பது சிலிகான் வகை, நம் கார்களில் அதற்கு வேலை இல்லை. 5.1 வேறு, அது கிளைக்கால் குடும்பம்தான். பெயர் ஒட்டியிருப்பதால் கடைக்காரரே குழம்புவது உண்டு.

டப்பாவில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்பத் திரவம் இறங்கும். மெதுவாக அளவு குறைந்தால் பேட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். திடீரென்று குறைந்தால் எங்கோ கசிகிறது. இரண்டுக்கும் பார்க்க வேண்டியது சக்கரத்தை. மினிமத்துக்கும் மேக்சிமத்துக்கும் நடுவில் இருக்கிறவரை டப்பாவை அப்படியே விட்டுவிடலாம்.

பேட் கனத்தைப் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அலாய் வீலின் கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. நம் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம். காலிப்பர் வழுக்கி நகரும் கைடு பின்னில் கிரீஸ் காய்ந்து காலிப்பர் நகராமல் போனால் உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மில்லிமீட்டர், உள்ளே தகடு டிஸ்கை உரசிக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் ‘பேட் நல்லா இருக்கு சார்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்; நான்கு இருக்கிறது, ஆனால் நாளை மலைக்குப் போகிறீர்கள் என்றாலும் மாற்றுங்கள். மெல்லிய பேட் சூட்டைச் சீக்கிரம் பிஸ்டனுக்குக் கடத்தும். டிஸ்கின் குறைந்தபட்சக் கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும். ஓரத்தில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்கு வரப்பு எழும்பியிருந்தால் வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேட் மாற்றும்போது கைடு பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்றுள்ள சிலிகான் கிரீஸ் வைக்க வேண்டும். சாதாரண சேசிஸ் கிரீஸ் வைத்தால் ரப்பர் பூட் ஊதி, பின் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பின் சக்கரத்து டிரம் பிரேக்கை யாரும் திறப்பதே இல்லை. முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது திறந்து தூசியை எடுத்து, ஷூ (டிரம்முக்குள் பேட்டின் வேலையைச் செய்வது) கனம் பார்த்து, அதைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரமாக இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ஐந்திலிருந்து எட்டு சொடுக்குக்குள் பிடிக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கேபிளில் குற்றமிருக்காது, உள்ளே அட்ஜஸ்டர் வேலை செய்யவில்லை. கேபிளை மட்டும் இறுக்கிக் கொடுத்தால் பிரச்சினை மறையும், தீராது.

கியரில் இறங்குவது

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய லாரி டிரைவர்களின் கணக்கு. அவர்கள் வண்டிக்கு அது சரி. இன்றைய கார் இன்ஜின்களுக்கு மலை ஏற அதிகம் கஷ்டமில்லை, மூன்றில் சுலபமாக ஏறிவிடும். அதே மூன்றில் இறங்கினால் பிடிமானம் போதாது. ஆகவே கார்களுக்கு ஒரு கியர் குறைத்தே கணக்கு வையுங்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டு, கொண்டை ஊசி வளைவுகளிலும் கல்லட்டி மாதிரிச் சரிவிலும் ஒன்று. பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்தால் வேகம் கூடாமல் நின்றால் கியர் சரி. கூடிக்கொண்டே போனால் இன்னும் ஒன்று குறைக்க வேண்டும்.

இரண்டாவது கியரில் 3,500 ஆர்பிஎம்மில் இன்ஜின் உறுமினால் பயந்துபோய் மேலே தூக்கிவிடுகிறார்கள். சிவப்புக் கோட்டுக்குள் போகாதவரை இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. பெட்ரோல் வீணாகிறது என்பதும் தப்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரிலேயே இறங்கும்போது இஞ்செக்டர்கள் எரிபொருளை முழுக்க நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் உருட்டினால்தான் இன்ஜின் ஐட்லிங்கில் எரிபொருள் குடித்துக்கொண்டிருக்கும். மைலேஜுக்காக நியூட்ரலில் இறங்குகிறவர் பெட்ரோலையும் செலவழித்து, பேட்டையும் தேய்த்து, இருந்த ஒரு பாதுகாப்பையும் விட்டுவிடுகிறார்.

இன்ஜினை ஆஃப் செய்து இறங்குவதைப் பற்றிச் சொல்லவே கூசுகிறது, ஆனால் இன்னும் செய்கிறார்கள். பிரேக் பூஸ்டர் இன்ஜின் தரும் வெற்றிடத்தில் இயங்குவது. இன்ஜின் நின்றபின் இரண்டு, மூன்று தடவை மிதிக்கத்தான் அதில் மிச்சம் இருக்கும். பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும், முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி மெதுவாகத்தான் கேட்கும். பவர் ஸ்டீயரிங்கும் போகும். சாவியை ஒரு சுற்று அதிகமாகத் திருப்பினால் ஸ்டீயரிங் லாக்கும் விழும்.

கியர் போட்டும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் இடங்கள் வரும். அங்கே பெடலை லேசாக மிதித்தபடியே ஒரு கிலோமீட்டர் வருவதுதான் டிஸ்கைப் பழுக்கக் காய்ச்சும் வழி. 40 ஆனதும் மூன்று நான்கு விநாடி நன்றாக அழுத்தி 30-க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். மறுபடி 40 ஆகும்வரை டிஸ்குக்குக் காற்றுப் படும். மொத்தச் சூடு ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், பேட் விலகியிருக்கும் நேரத்தில் அது காற்றுக்குப் போகிறது, பிஸ்டனுக்குப் போவதில்லை.

ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களில் பலர் டி-யில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுகிறார்கள். டி-யில் விட்டால் கியர்பாக்ஸ் எரிபொருளைச் சேமிக்க மேல் கியருக்குப் போகப் பார்க்கும். சில புது மாடல்கள் சரிவைக் கண்டுகொண்டு தானே குறைக்கும், எல்லாம் அப்படி அல்ல. கிளட்சைத் தானே இயக்கிக் கியர் மாற்றும் ஏஎம்டியில் மேனுவலுக்குத் தள்ளி மைனஸ் பக்கம் தட்டி இரண்டிலோ ஒன்றிலோ வையுங்கள். படிப்படியான கியர் இல்லாத சிவிடியில் எல் அல்லது எஸ் அல்லது பி (B) என்று ஒரு நிலை இருக்கும், அதுதான் இறக்கத்துக்கு. டார்க் கன்வெர்ட்டர் வகையிலும் எல், 2, அல்லது ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் பேடில் (paddle) விசை. ஊருக்குள் ஒரு மேம்பால இறக்கத்திலேயே இதைப் பழகிக்கொள்ளலாம்.

மின்சாரக் காருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அது ரீஜென் மூலம் இறக்கத்து ஆற்றலைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்பும், அருமையான ஏற்பாடு. ஆனால் ஊட்டியில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கினால், அனுப்ப இடம் ஏது? ரீஜென் பலவீனமாகும் அல்லது நின்றே போகும், முழுச் சுமையும் டிஸ்குக்கு வந்துவிடும். மேலே 75, 80 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்குங்கள். இறங்கும்போது தானாகவே ஏறிக்கொள்ளும். ஹைப்ரிட்களுக்கும் பேட்டரி நிறைந்தபின் இதே நிலைதான். பி (B) நிலையில் போட்டால் இன்ஜின் சுமையை எடுத்துக்கொள்ளும்.

மேலே ஏறும்போது கவனிக்க வேண்டியவை குறைவு. கூலன்ட் ரிசர்வ் டேங்கில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஊற்றக் கூடாது, உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதாலும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருப்பதாலும்தான் கொதிநிலை 120-ஐத் தாண்டி நிற்கிறது. மூடியின் ரப்பர் தடித்து வெடித்திருந்தால் சமவெளியில் தெரியாத கோளாறு மேலே வந்து தெரியும். ஹீட் ஏறினால் ஏசியை ஆஃப் செய்து ஹீட்டரை முழுக்கத் திறந்து, இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்க வேண்டாம். நெரிசலில் ஏற்றத்தில் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஒரு சீசன் ஞாயிற்றுக்கிழமையில் கிளட்ச் பிளேட் தீய்ந்துபோக முடியும். ஏஎம்டியிலும் உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான், ஆக்ஸிலரேட்டரால் பிடித்து நிறுத்தினால் அதுவும் தீயும்.

டயர்

காற்று அழுத்தம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி இருக்க வேண்டும். பங்க் பையனிடம் ‘நார்மலா வை’ என்பது அளவு அல்ல. அந்த அட்டவணையில் ஆள் குறைவுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று இரண்டு வரிசை இருக்கும். குடும்பத்தோடு போகும்போது இரண்டாவது வரிசை, பெரும்பாலும் பின் டயருக்கு மூன்று முதல் ஐந்து பிஎஸ்ஐ கூடுதல். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பார்ப்பதுதான் சரியான அளவு. மேலே போய்க் காற்றைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 1,900 மீட்டர் ஏறினால் வெளிக் காற்றழுத்தம் குறைவதால் கேஜில் மூன்று பிஎஸ்ஐ கூடும். சமவெளியின் 35 டிகிரியிலிருந்து ஊட்டியின் 15-க்குப் போவதால் இரண்டு பிஎஸ்ஐக்கு மேல் குறையும். ஏறக்குறைய ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். கை வைக்காமல் விடுங்கள்.

டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை வெயில் ஊரில் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்; பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு இருந்தால் மலைக்கு வேண்டாம். பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சிறு மேடு, 1.6 மில்லிமீட்டர் உயரம், டயர் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் சட்டப்படி ஆயுள் முடிந்தது. மழையில் அதற்கு முன்பே, மூன்று மில்லிமீட்டரிலேயே பிடிப்பு கணிசமாகக் குறைந்திருக்கும். பக்கச் சுவரில் முட்டை மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது, அதற்குப் பேட்ச் கிடையாது.

இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போடும்போது கடையில் முன்பக்கம் மாட்டிவிடுகிறார்கள், முன் சக்கரம்தான் இழுக்கிறது என்பது காரணம். பின்னால்தான் போட வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி வளைவில் நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். இறக்கத்து ஈர வளைவில் எடை முன்னால் சாய்ந்திருக்கும்போது பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழலும், அதைத் திருத்தச் சாதாரண டிரைவருக்கு நேரமும் இருக்காது, பழக்கமும் இருக்காது. நல்ல டயர் பின்னால் என்பது முன் சக்கர இழுவை வண்டிக்கும் பொருந்தும். கடைக்காரரோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும், வாதாடுங்கள்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். பல கார்களில் இப்போது வருவது ஒல்லி ஸ்டெப்னி, அதில் 80-ஐத் தாண்டக் கூடாது.

வளைவிலும் அதற்கு அப்பாலும்

கிளம்பும் முன் டிரைவர் காலடியைப் பாருங்கள். பழைய மேட்டின் மேல் புது மேட் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். சுருண்டு பெடலுக்கு அடியில் போகும். இறக்கத்தில் பின் சீட்டிலிருந்து உருண்டு வரும் தண்ணீர் பாட்டில் போய் நிற்கும் இடமும் அதுதான். அரை லிட்டர் பாட்டில் ஒன்று பிரேக் பெடலை முழுக்க மிதிக்க விடாமல் தடுத்துவிடும். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பதை இன்னமும் சட்டமாகத்தான் பார்க்கிறோம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று. மோதினால் பின்னால் இருப்பவரின் எடை முன் சீட்டில் இருப்பவரின் முதுகில் வந்து விழும்.

கொண்டை ஊசி வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முன்பே கியரைப் போட்டு, இடப்பக்கமாக உள்ளே நுழையுங்கள். ஹாரன் அடித்துவிட்டு ஒரு நொடி காது கொடுங்கள், எதிரே பஸ் வந்தால் பதில் ஹாரன் வரும். அரசு பஸ்ஸுக்கு வளைவில் சாலை முழுவதும் வேண்டும். வளைவுக்கு மேலேயே நின்று அதை ஏறவிட்டு இறங்குவதுதான் வழி. நடு வளைவில் சந்தித்துக்கொண்டால் இருவரும் பின்னால் எடுக்க வேண்டிவரும், இறங்குகிற நீங்கள் ரிவர்ஸில் ஏற வேண்டும். இடம் போதாத மலைச் சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது 2017-இன் ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் உள்ள விதி. பனிமூட்டத்தில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். திரும்பப் போகிறீர்களா, நின்றுவிட்டீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. டிம் லைட்டும் பாக் லைட்டும் போதும். ஹை பீம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். கண்ணாடி உள்ளே மூடினால் குளிரானாலும் ஏசியோடு டீஃபாக் போடுங்கள், ஈரத்தை இழுப்பது ஏசிதான்.

கருகல் வாடை வந்தால் அது முதல் எச்சரிக்கை. பேட் அளவு மீறிச் சூடானால் அதிலிருக்கும் ரெசின் வாயுவாகி டிஸ்குக்கும் பேட்டுக்கும் நடுவே நிற்கும். பெடல் கெட்டியாகவே இருக்கும், அழுத்த அழுத்த வண்டி மட்டும் கேட்காது. பெடல் பஞ்சு மாதிரி ஆகி ஆழமாகப் போனால் திரவம் கொதிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே: அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துவது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பழுத்த வார்ப்பிரும்பு கோணும் அல்லது வெடிக்கும். ஆறியபின் பெடல் பழையபடி கெட்டியாக வந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு முறை கொதித்த திரவத்தை ஊருக்குப் போனதும் மாற்றியாக வேண்டும்.

பெடல் தரைக்கே போய்விட்டால் விட்டு விட்டு வேகமாகப் பம்ப் செய்யுங்கள், குமிழி சுருங்கிக் கொஞ்சம் அழுத்தம் எழும்பும். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், நான்கிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் லாக் ஆகிச் சுழலும். பட்டன் வகை எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் பட்டனை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் அது கணக்கோடு பிடிக்கும். சாவியைத் திருப்பாதீர்கள். எதுவும் கேட்கவில்லையென்றால் பள்ளத்தாக்குப் பக்கத்தை விட்டு மலைப் பக்கம், வாய்க்காலிலோ மண் திட்டிலோ வண்டியின் பக்கவாட்டை உரசவிடுங்கள். பெயின்ட் போகட்டும்.

சரிவில் பார்க் செய்யும்போது மேல் நோக்கி நின்றால் ஒன்றாம் கியர், கீழ் நோக்கி நின்றால் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக்கில் கால் பிரேக்கைப் பிடித்தபடி முதலில் ஹேண்ட் பிரேக், காலை எடுத்து எடை அதில் உட்கார்ந்தபின் பார்க்கிங் நிலையான பி (P). மாற்றிச் செய்தால் வண்டியின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னக் கொக்கியில் தொங்கும், மறுநாள் லீவரை எடுக்கையில் ‘டக்’ என்று அறையும்.

மேட்டுப்பாளையம் வந்து டீக்கு நிறுத்தும்போது நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவாருங்கள். ரிம்மைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டினாலே சூடு தெரியும். முன்பக்கம் இரண்டும் பின்பக்கத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு. இடமும் வலமும் ஒரே மாதிரி இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் தகித்தால், அந்தச் சக்கரத்தில் பேட் விலகாமல் பிடித்தபடியே வந்திருக்கிறது. அந்தக் காலிப்பரின் கைடு பின்னையும் பிஸ்டனையும் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் எந்தச் சக்கரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.